ராம் நிறைந்தால் பயமில்லை, ஸ்டோரேஜ் நிறைந்தால்தான்

'மெமரி ஃபுல்' என்று புலம்புகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது: எந்த மெமரி? ஆப்கள் ஓடும் ராமையும் அப்படித்தான் சொல்கிறோம், படமும் வீடியோவும் கிடக்கும் ஸ்டோரேஜையும் அப்படித்தான் சொல்கிறோம். பெயர் ஒன்றானதால் வைத்தியமும் ஒன்றென்று நினைத்து, நிறைந்தே இருக்க வேண்டிய ராமை நாளுக்குப் பத்து முறை கழுவித் துடைக்கிறார்கள். காலியிடம் தேவைப்படுகிற ஸ்டோரேஜைக் கழுத்துவரை நிரப்பி வைக்கிறார்கள். அப்புறம் அப்டேட் ஏறவில்லை என்று கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

ராமில் காலியாகக் கிடக்கும் இடத்தால் யாருக்கும் பயனில்லை. நீங்கள் பார்த்துவிட்டு வெளியேறிய ஆப்பை ஆண்ட்ராய்டு ராமிலேயே விட்டுவைக்கும், திரும்ப வந்தால் நொடியில் திறக்க. ஆண்ட்ராய்டு 11 முதல் அப்படிக் கிடக்கும் ஆப்களை உறைய வைக்கும் வசதியும் உண்டு. உறைந்த ஆப் பிராசஸரைத் தொடாது. இடம் குறைந்தால் ஆண்ட்ராய்டு ராமில் உள்ள தரவில் ஒரு பகுதியைச் சுருக்கி அங்கேயே அடுக்கும், அதுவும் போதாவிட்டால் இப்போதைக்கு முக்கியமில்லாத ஆப்பைத் தானே கொல்லும். இத்தனை ஏற்பாட்டுக்கு நடுவில் நாம் போய் எல்லாவற்றையும் மேலே தள்ளி மூடினால், அடுத்த முறை ஆப் அடியிலிருந்து எழ வேண்டும். நேரமும் போகும், பேட்டரியும் போகும். ராம் கிளீனர் ஆப்கள் செய்வதும் இதே வேலைதான், கூடுதலாக விளம்பரம் காட்டும். ஒரு ஆப் தொங்கி நின்றால் மட்டும் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' போடுங்கள்.

ராம் உண்மையிலேயே போதவில்லை என்றால் போனே காட்டிக்கொடுக்கும். கேமரா திறந்ததும் பாட்டு நின்றுபோகும். பிரவுசரில் பாதி நிரப்பிய படிவத்தை விட்டு ஓடிபி பார்த்துவிட்டு வந்தால் பக்கம் முதலிலிருந்து லோடாகும். அப்போது மிதக்கும் பபிள்கள், லைவ் வால்பேப்பர், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் ஆகியவற்றைக் குறையுங்கள். '8+8 = 16 ஜிபி' என்று விற்கப்படும் விர்ச்சுவல் ராம் வெறும் கணக்கு வித்தை; கூட்டிய 8 ஜிபி ஸ்டோரேஜிலிருந்து வெட்டியது, அசல் ராமைவிடப் பத்து மடங்குக்கு மேல் மெதுவானது. 4 ஜிபி போனில் ஓரிரு ஆப்களைக் கூடுதலாக உயிரோடு வைத்திருக்க அது உதவலாம். 12 ஜிபி போனில் அணைத்துவிடலாம்.

ஸ்டோரேஜ் கதை வேறு. ஸ்டோரேஜாக இருக்கும் ஃப்ளாஷ் சில்லில் பழைய எழுத்தின்மேல் நேரடியாகப் புதிது எழுத முடியாது. ஒரு பெரிய கட்டத்தையே முழுதாக அழித்த பிறகுதான் எழுதலாம். காலிக் கட்டங்கள் இல்லையென்றால், உள்ளதை இடம் மாற்றி, அழித்து, பிறகு எழுத வேண்டிவரும். நிறைந்த போன் போட்டோ எடுக்கக்கூடத் திணறுவது இதனால்தான். 128 ஜிபி என்று வாங்கியது கணினிக் கணக்கில் சுமார் 119 தான், அதிலும் சிஸ்டம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். குறைந்தது 15 ஜிபி காலியாக விடுங்கள்.

எங்கிருந்து காலி செய்வது? முதலில் குப்பைத்தொட்டி. கூகுள் போட்டோஸில் அழித்த படம் 30 நாள் அங்கேயே கிடக்கும், பேக்கப் ஆனதென்றால் 60 நாள். ஐபோனில் 'ரீசன்ட்லி டெலீட்டட்' 30 நாள் வரை. அடுத்து வாட்ஸ்அப்: செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும், பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும் நிற்கும். காலை வணக்கங்கள் எல்லாம் அங்கே கைகூப்பிக் காத்திருக்கும். ஆப்கள் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேச்சைத் தினமும் துடைப்பதில் லாபமில்லை, இணைய டேட்டாவைச் செலவழித்து மறுபடி வளர்ந்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா'வை மட்டும் அவசரத்தில் அழுத்திவிடாதீர்கள். இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடு தரும் ஆப்பில் அதை அழுத்தினால், பேக்கப் இல்லாதபோது எல்லாக் கணக்குகளின் வாசலிலும் பூட்டு விழும்.

அப்டேட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆண்ட்ராய்டு 11-ல் வந்த விர்ச்சுவல் ஏ/பி முறையில், நீங்கள் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு பின்னணியில் எழுதப்படும். எழுத இடம் உங்கள் காலி ஸ்டோரேஜிலிருந்தும் போகும். ரீஸ்டார்ட்டில் புதியது எழும்பாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடலாம். ஆகவே டவுன்லோடு 2 ஜிபி என்று காட்டினால் 2 ஜிபி காலி போதும் என்று பொருளில்லை. ஐபோனில் இடம் பற்றாவிட்டால் கணினியோடு இணைத்து ஏற்றலாம். டவுன்லோடு கணினியில் இறங்கும்.

அப்டேட்டுக்காகக் காத்திருப்பது பற்றி. கூகுள் வெளியிட்ட பதிப்பு சிப் தயாரிப்பாளர், போன் தயாரிப்பாளர், சில நாடுகளில் நெட்வொர்க் நிறுவனம் என்று கைமாறித்தான் வரும். 2017-ல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த ட்ரெபிள் என்ற கட்டமைப்பு மாற்றம் இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்தியது. அதன் பிறகும் தயாரிப்பாளர் படிப்படியாகத்தான் திறந்துவிடுகிறார், பழுது தெரிந்தால் நிறுத்திவிட. அதே மாடல் வைத்திருக்கும் நண்பருக்கு வந்துவிட்டதே என்று வேறு நாட்டுப் பதிப்பை இறக்கி ஏற்றாதீர்கள். பேங்க் ஆப் முரண்டு பிடிக்கலாம், பழைய பதிப்புக்குத் திரும்பவிடாத பூட்டும் இருக்கலாம்.

பெரிய பதிப்புக்கு இரண்டு மூன்று வாரம் பொறுத்து, முதல் திருத்தம் வந்தபின் ஏற்றுவதே என் கட்சி. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் செக்யூரிட்டி பேட்ச்சுக்கு அந்தப் பொறுமை வேண்டாம், வந்த அன்றே ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணைவிட அதன் கீழே இருக்கும் பேட்ச் தேதியைப் பாருங்கள். 5 என்று முடியும் தேதி, 1 என்று முடிவதைவிட முழுமையானது. கெர்னல் (சிஸ்டத்தின் அடிமட்ட மையப் பகுதி), சிப் சார்ந்த திருத்தங்களும் அதில் உண்டு. 'கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்' தனி வரியாக இருக்கும், அதையும் தட்டிப் பாருங்கள். 2023-ல் பிக்சல் 8-க்கும் 2024-ல் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டு அப்டேட் வாக்குறுதி வந்தது. அந்த ஆண்டுகள் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை.

ஏற்றிய பிறகு ஓரிரு நாள் போன் சூடாகி மெதுவாக ஓடினால் பதற வேண்டாம். ஆப்கள் புதிய பதிப்புக்கு ஏற்ப மறுபடி தொகுக்கப்படும், கேலரி படங்களைத் திரும்ப எண்ணும். சார்ஜில் சும்மா கிடக்கும்போதுதான் இந்த வேலைகள் மும்முரமாக நடக்கும், ஆகவே இரவில் சார்ஜில் போட்டுவிடுங்கள். மூன்று நான்கு நாளாகியும் சூடு இறங்காவிட்டால் பேட்டரிப் பட்டியலில் முதலில் நிற்கும் ஆப்பை அப்டேட் செய்யுங்கள், முடியாவிட்டால் நீக்கிப் பாருங்கள். ஃபேக்டரி ரீசெட் அதற்கும் பிறகுதான், அதுவும் பேக்கப் எடுத்து, அது சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்த பிறகு.