மெட்ஃபார்மினுக்கும் ஃபெனிட்டாயினுக்கும் ஒரே பதில் சொல்லாதீங்க, டாக்டர்

"ஜெனரிக் எல்லாம் வேலைக்கு ஆகாதும்மா, நான் எழுதினதையே வாங்குங்க." பாலக்கோட்டிலிருந்து ஊத்தங்கரை வரை குடும்ப டாக்டர்கள் பலர் சொல்லும் பேச்சு இது. ஜெனரிக் என்பது, முதலில் கண்டுபிடித்த கம்பெனியின் பேடன்ட் உரிமை முடிந்தபின் மற்றவர்கள் தயாரிக்கும் அதே மருந்து. எந்த மருந்து டாக்டர்? அதைச் சொல்லாமல் மொத்தமாக ஒதுக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இந்தப் பயத்துக்கு ஆதாரமாக, ஜெனரிக் அசலுக்கு நிகரா என்று பார்க்கும் சோதனையின் 80–125 சதவீத வரம்பைச் சொல்வார்கள். "மருந்தே 20 சதவீதம் குறைவா இருக்கலாமாம்" என்று. மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அசல், ஜெனரிக் இரண்டு மாத்திரைகளையும் கொடுத்து, ரத்தத்தில் ஏறும் உச்ச அளவையும் மொத்த அளவையும் ஒப்பிடுவார்கள். அந்த விகிதத்தின் 90 சதவீத நம்பக இடைவெளி (சராசரிக்கு இருபுறமும் விடும் பிழை எல்லை) முழுதும் 80-க்கும் 125-க்கும் நடுவில் அடங்க வேண்டும். சராசரியே 80-ஐ ஒட்டி இருந்தால் இடைவெளியின் கீழ்முனை வெளியே போய்விடும், அந்த மாத்திரை தேறாது.

டாக்டர்களின் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. 2017 ஏப்ரல் வரை, அனுமதி கிடைத்து நான்கு ஆண்டு கடந்த மருந்துக்கு மாநில உரிமம் வாங்க இந்தச் சோதனை கட்டாயமில்லை. அதன் பிறகுதான் தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்குக் கட்டாயமானது. ஆனால் அந்த ஓட்டை பிராண்டுக்கும் சேர்த்துத்தானே இருந்தது? நாம் 'கம்பெனி மருந்து' என்று நம்பி வாங்குவதில் பெரும்பாலானவை பேடன்ட் முடிந்த ஜெனரிக்தான், ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள்.

சுகருக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான அம்லோடிபின் போன்றவற்றை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்கச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டுக்கான லெவோதைராக்ஸின் வேறு ரகம். ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வலிப்பு, ரத்தக்கசிவு என்று போய் நிற்கும். இவற்றில் பிராண்டோ ஜெனரிக்கோ, ஒரே தயாரிப்பில் நிலையாக இருப்பதே முக்கியம். தைராய்டு மாத்திரை மாறினால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வரும் சுகர், பிரஷர் மாத்திரைகள் ஜெனரிக் பெயரில் வருகின்றன. அதே நோயாளி ஓசூரில் தனியார் டாக்டரையும் பார்க்கிறார். அங்கே சுகரைக் குறைக்கும் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையை பிராண்டு பெயரில் மட்டும் எழுதித் தருகிறார்கள். பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் அவர் இரண்டையும் போடுகிறார். வீட்டுக்கு வந்ததிலும் கிளிமெபிரைடு இருந்தால் அது இரட்டிப்பாகி, ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போனாலே வியர்த்து, கை நடுங்கி மயங்கி விழுகிறார். வயதானவர், கிட்னியும் பலவீனம் என்றால் ஏற்றிய குளுக்கோஸ் இறங்கியதும் சுகர் மறுபடி சரியும். சீட்டில் மருந்தின் பெயர் இருந்திருந்தால் கிராமத்து நர்ஸே கண்டுபிடித்திருப்பார்.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஜெனரிக் பெயரில் எழுதச் சொல்லி விதி கொண்டுவந்து, அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்தது. விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் எழுதினால் முழுசாக எழுதுங்கள். பிரஷர் மாத்திரையை 'மெட்டோபுரோலால் 50' என்று விட்டால் போதாது, எந்த உப்பு வகை என்பதும் வேண்டும். சக்சினேட் என்றால் மெதுவாகக் கரையும், ஒரு நாளைக்கு ஒரு வேளை. சாதா டார்ட்ரேட் பெரும்பாலும் இரண்டு வேளை. மெட்ஃபார்மினில் சாதாவா, மருந்தை மெதுவாக விடும் எஸ்.ஆரா என்பதும் அப்படித்தான். எஸ்.ஆர். மாத்திரையைப் பெரியவர்கள் இடித்துப் போட்டால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கும்.

"மருந்து பெயரை மட்டும் எழுதினா கடைக்காரர் தனக்கு லாபம் வர்றதைத் தருவாரே?" நியாயமான கேள்வி. சில ஜெனரிக் அட்டைகளில் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கும் பல மடங்கு வித்தியாசம். அந்த விலைக் குறைவு நோயாளிக்கு வந்து சேர்வதில்லை. அதற்குத்தான் எந்தக் கடையில் வாங்கலாம் என்பதையும் சீட்டிலேயே எழுதச் சொல்கிறேன்.

மாத்திரை மாற்றும்போது அரை நிமிஷம் பேசுங்கள். நிறம் மாறும், அளவு மாறும், மருந்து அதேதான் என்று சொல்லுங்கள். எஸ்.ஆர். வகை சிலவற்றில் மருந்து கரைந்த பிறகும் கூடு மட்டும் முழு மாத்திரை போல மலத்தில் வரும். முன்கூட்டியே சொல்லாவிட்டால், "ஜெனரிக் கரையவே இல்ல" என்று அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள்.