பிரெடிக்ட் காட்டுறது நம்ம ஆயுச இல்ல
மார்பகப் புற்றுநோய்க்கான பிரெடிக்ட்ங்கிற ஆன்லைன் டூலப் பத்தி, 'பிரெடிக்ட் டூல்ல விவரம் போட்டா எத்தன வருஷம் இருப்போம்னு தெரிஞ்சுடும்'னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, அது சரியில்லங்க. கேம்பிரிட்ஜ்ல உருவான அந்த டூல் வயசு, கட்டி சைஸ், கிரேடு (புற்று செல்கள் எவ்ளோ மாறியிருக்குங்கிற அளவு), அக்குள்ல பரவியிருக்கா எல்லாம் கேட்டுட்டு, இதே மாதிரி 100 பேர்ல 10 வருஷம் கழிச்சு எத்தன பேர் உயிரோட இருப்பாங்கன்னு தான் காட்டும், அந்த நூறுல நம்ம யாருன்னு அதுக்குத் தெரியாது. எங்கம்மாவுக்கு மொதல்ல கீமோ குடுத்து கட்டிய சுருக்கிட்டு தான் ஆபரேஷன் பண்ணாங்க, நான் சுருங்கின சைஸ போட்டுப் பாத்து நல்ல நம்பர் வந்துருக்குன்னு வீட்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், அப்புறம் டாக்டர்ட்ட காட்டினா, இது மொதல்லயே ஆபரேஷன் பண்ணவங்களுக்கான கணக்கும்மா, உங்கம்மாவுக்குப் பொருந்தாதுன்னுட்டார், அன்னிக்கு வீட்ல யாரும் சரியா சாப்பிடல. நம்ம ஊர்ல கட்டி பெருசானப்புறம் வர்றவங்க நெறைய, அதுல பலருக்கு கீமோ தான் மொதல்ல, அதனால இத ஒரு வரியாவது கட்டுரைல சேருங்க ப்ளீஸ்.