அண்ணன் இருக்கிறாரா என்று கேட்ட கருத்துக்கணிப்பு

தீபாவளிப் பலகாரம் இன்னும் டப்பாவில் தீராத ஞாயிற்றுக்கிழமை. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒரு பையன் வந்து நின்றான். "கருத்துக்கணிப்பு எடுக்க வந்திருக்கிறோம் அக்கா. வீட்டில் அண்ணன் இருக்கிறாரா?"

நான் அவனுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். வயது 41. வாக்காளர் அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஓட்டுரிமை வந்த நாள் முதல் ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. அவனுக்கு அண்ணன்தான் வேண்டுமாம்.

அண்ணன் அப்போது அமெரிக்காவில் இருந்தார், கைப்பேசி வழியாக. கொழுந்தனார் நியூஜெர்சிக்குக் குடிபோனதிலிருந்து என் வீட்டுக்காரருக்கு உள்ளூர் வார்டு கவுன்சிலர் பெயர் மறந்துவிட்டது. பென்சில்வேனியாவில் யார் எத்தனை புள்ளி முன்னிலை என்பது மட்டும் காலைக் காப்பிக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அது 2024 அமெரிக்க அதிபர் தேர்தல் நேரம்; அன்றைக்கு அயோவா மாநிலக் கணிப்பு வந்திருந்தது. கமலா ஹாரிஸ் 47, டிரம்ப் 44. "பெண்கள்தான் மாற்றிவிட்டார்கள், அதிலும் வயதான பெண்கள். புருஷனிடம் சொல்லாமலே போய்க் குத்தப்போகிறார்கள் பார்" என்று என்னிடமே விளக்கினார். அயோவாப் பாட்டிமார்களின் மனது அவருக்கு அத்தனை அத்துப்படி.

பையனுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். அதுதான் நான் செய்த தப்பு. சொம்போடு திரும்பி வருவதற்குள் அவர் தன் பதில்களை முடித்துவிட்டு, "வீட்டுக்காரிக்கும் ஒன்று போட்டுக்கொள் தம்பி, எங்கள் வீட்டில் எல்லாம் ஒரே கட்சிதான்" என்று தாராளமாக அனுமதி கொடுத்திருந்தார். பெண், 38 வயது, இல்லத்தரசி. வயதும் தப்பு, தொழிலும் தப்பு. முன்னறையில் இரண்டு தையல் இயந்திரம் வைத்து, தீபாவளிக்கு முந்தைய இரவு இரண்டு மணிவரை ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் இல்லத்தரசியாம். இந்த இரண்டிலேயே இவ்வளவு என்றால், மூன்றாவதாகக் குறித்துக்கொண்டு போன கட்சி எந்த லட்சணத்தில் இருக்கும்?

"தம்பி, நான் எதுவும் சொல்லவில்லையே" என்றேன். "சப்மிட் ஆகிவிட்டது அக்கா" என்று செருப்பை மாட்டினான். அவனைத் திட்ட மனம் வரவில்லை. படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி, இருட்டுவதற்குள் இத்தனை வீடு என்று கணக்கு. என் கோபமெல்லாம் இப்படி வந்து சேர்வதைச் 'சேலம் பெண்களின் மனநிலை' என்று வண்ணப்படம் போட்டுக் காட்டப்போகிறவர்கள் மேல்தான்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. கணிப்பில் பெண்கள் குறைவாகச் சிக்கினால், சிக்கிய பெண்களின் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சமன் செய்வார்கள். முறை சரிதான், பதில் பெண்ணுடையதாக இருந்தால். என் கதையில் என்ன நடக்கும்? என் வீட்டுக்காரரின் கருத்து அவர் பெயரில் ஒருமுறை ஏறும்; பிறகு என் புடவையைக் கட்டிக்கொண்டு, கூடுதல் எடையோடு, இன்னொரு முறை ஏறும். தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அந்தக் கூட்டத்தின் மனதை வாசலில் நிற்கும் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்!

இவர் தலையில் வைத்துக் கொண்டாடும் அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. அங்கே நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1920-இல். 1936 அதிபர் தேர்தலுக்கு 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை டெலிபோன் பட்டியலையும் கார் பதிவேட்டையும் பார்த்து ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. ஏறத்தாழ 24 லட்சம் பேர் பதில் போட்டார்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில் காரும் டெலிபோனும் வைத்திருந்தவர்களைத் தேடித்தேடிக் கேட்டால் வேறென்ன வரும்? அந்தத் தேர்தலைச் சரியாகச் சொல்லிப் பெயர் வாங்கியவர் ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர். அந்தக் காலத்து அவருடைய கணிப்புகளிலோ, கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். பெண்கள் ஓட்டுப் போட அதிகம் வரமாட்டார்கள் என்ற கணக்கு. 1980 முதல் ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் ஆண்களைவிடப் பெண்களே கூடுதல் சதவீதத்தில் வாக்களித்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த அயோவாக் கணிப்பு என்ன ஆயிற்று? புதன்கிழமை என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அங்கே டிரம்ப் ஜெயித்தது சுமார் 13 புள்ளி வித்தியாசத்தில். கணிப்பை எடுத்த ஆன் செல்சர் பல ஆண்டுகளாகச் சரியாகச் சொல்லிப் பேர் வாங்கியவர். 808 பேரைக் கேட்டிருந்தார், பிழை 3.4 புள்ளி இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். பெண்களைப் பெண்களிடமே கேட்டவருக்கே இந்தக் கதி.

சரி, என்னையாவது பெயருக்குக் கணக்கில் சேர்த்தார்கள். என் அம்மா ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் இருக்கிறாள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இதுவரை எந்த டேப்லெட்டும் அவளிடம் வந்ததில்லை. ஏற்காடு சேலம் மாவட்டம்தான். ஆனால் நாடாளுமன்றத் தேர்தல் என்றால் கள்ளக்குறிச்சித் தொகுதி. ஆகவே 'சேலம் யாருக்கு' என்று டிவியில் அலசும்போதும் அம்மா அதில் கிடையாது. அப்படியே யாராவது மேலே போய்க் கேட்டாலும் பிரயோசனம் இல்லை. எந்தக் கட்சித் துண்டு வந்தாலும் "உங்களுக்கேதான் கண்ணு, வேறு யாருக்குப் போடப்போகிறேன்" என்று மிளகுக் காப்பி கொடுத்து அனுப்புவாள். அப்பா சாகும்வரை அவள் யாருக்குப் போட்டாள் என்று அவருக்குத் தெரியாது. அவள் பெற்ற மகள் எனக்கும் தெரியாது.

வியாழக்கிழமை சரிபார்ப்புக்கென்று போன் வந்தது. நம்பர் வீட்டுக்காரருடையது, அவர் குளித்துக்கொண்டிருந்தார், நான் எடுத்தேன். "ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் கணிப்பு எடுத்தார்களா மேடம்?" நல்ல சமயம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். வயது 41, தையல் தொழில், என்னை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அந்தப் படிவத்தை எடுத்துவிடுங்கள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"நம்பர் சார் பெயரில் இருக்கிறது மேடம். அவர் வந்ததும் பேசச் சொல்லுங்கள்."