சுவத்துல பேர் எழுதலைன்னா தூக்கம் வராதா?

"பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்"னு ஆள் உயரத்துக்குப் பலகை வச்சிருப்பாங்க. அதுக்கு ரெண்டடி தள்ளி ஒரு இதயம், நடுவுல அம்பு, ரெண்டு பக்கமும் பேரு. எந்த நாட்டுக்குப் போனாலும் இதே கூத்துதான்.

ரோம்ல கொலோசியம் சுவத்துல 2023ல ஒருத்தர் சாவியால தன் பேரையும் காதலி பேரையும் கீறினார். மாட்டினதும், அது இவ்வளவு பழசுன்னு தெரியாதுன்னு கடிதம் வேற எழுதினாராம். கி.பி. 80ல திறந்த கட்டடம் ஐயா அது! 2013ல எகிப்தோட லக்சர் கோயில்ல ஒரு பையன் சிற்பத்து மேலயே "வந்துட்டுப் போனேன்"னு செதுக்கிட்டான். ஆயிரக்கணக்கான வருஷம் தப்பிச்ச சிற்பம், சுற்றுலா வந்த பையன்கிட்ட தப்பிக்கல.

கேட்டா, "பூசிட்டா போச்சு"ங்கிறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வர்றது இங்கதான். கல்லு என்ன தோலா, தானா ஆற? சிமெண்டை அப்பி மறைக்கவும் முடியாது. புதுசாச் சேர்க்கிறது பழசுலேருந்து தனியாத் தெரியணும், ஊகம் தொடங்குற இடத்துல சீரமைப்பு நிக்கணும்னு 1964லயே வெனிஸ் சாசனம் (பழைய சின்னங்களை எப்படிப் பாதுகாக்கணும், சீரமைக்கணும்னு சொல்ற சர்வதேச ஆவணம்) சொல்லியாச்சு.

உடனே ஒரு அறிவாளி வருவார்: "இஸ்தான்புல்ல இருக்கிற ஹாகியா சோபியாவுல, அந்தக் காலத்து வடக்கு ஐரோப்பியக் கடலோடி, அதான் வைக்கிங், கிறுக்கினதை மட்டும் பொக்கிஷம்ங்கிறீங்களே?" அது பொக்கிஷமாக ஆயிரம் வருஷம் ஆச்சு சார். உங்க காதல் அடுத்த சீசன் வரைக்கும் தாங்குமா?