லைக் கேட்டால் ரீச் கூடுமா?

“பிடித்தால் லைக், ரொம்பப் பிடித்தால் ஹார்ட், மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள் என்று போட்டால் ஃபேஸ்புக்கில் ரீச் (பதிவு எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பது) எகிறும்” என்று பலர் சொல்கிறார்கள். அது பழைய கதை. லைக், ஷேர், டேக், கமென்ட், ஓட்டு என்று கேட்டு வாங்கும் பதிவுகளை நியூஸ் ஃபீடில் கீழே தள்ளுவோம் என 2017 டிசம்பரிலேயே ஃபேஸ்புக் அறிவித்துவிட்டது. அதையே வழக்கமாகச் செய்யும் பக்கங்களுக்கு அடி இன்னும் பலம்.

சரி, எதையுமே கேட்கக்கூடாதா? அப்படி இல்லை. காணாமல் போன குழந்தை, நல்ல காரியத்துக்கு நிதி, பயண யோசனை என்று உதவி கேட்கும் பதிவுகளுக்கு அதே அறிவிப்பு விலக்கு தந்திருக்கிறது. “மாடித் தோட்டத்துத் தக்காளி இலை சுருளுது, என்ன செய்யலாம்?” என்று நிஜமாகவே தெரியாததைக் கேளுங்கள், நாலு பேர் பேசுவார்கள். அப்புறம் அந்த நாலு பேருக்கும் பதில் எழுத வேண்டும். அதில்தான் பாதிப் பேர் (நானும்) கோட்டை விடுகிறோம்.