புளூட்டோவில் சந்திராஷ்டமம்

விமலா: ஏங்க, பரண் மேல் இருக்கும் அண்டாவை இறக்கிக் கொடுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

சுந்தரம்: இன்றைக்கு எனக்குச் சந்திராஷ்டமம். ஏணியில் கால் வைத்தால் விழுந்துவிடுவேன்.

விமலா: ஒரு நிலாவுக்கே இந்தப் பயம். புளூட்டோவில் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அங்கே ஐந்து!

சுந்தரம்: அதைத்தான் 2006-லேயே கிரகப் பட்டியலை விட்டு நீக்கிவிட்டார்களே! பதவி போன பிறகும் ஐந்து பேர் சுற்றுகிறார்களா?

விமலா: சாரன் மட்டும்தான் பெரிசு, புளூட்டோவில் பாதி அகலம். ஸ்டிக்ஸ், நிக்ஸ், கெர்பரோஸ், ஹைட்ரா நான்கும் பொடிசு. 2005-இல் ஹப்பிள் தொலைநோக்கி நிக்ஸையும் ஹைட்ராவையும் காட்டிக்கொடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஸ்டிக்ஸின் நீளமே சுமார் 16 கிலோமீட்டர்தான்.

சுந்தரம்: அதற்கும் பௌர்ணமி உண்டா?

விமலா: உருண்டையாக இருந்தால்தானே! நான்கும் நீங்கள் பிடித்த கொழுக்கட்டை மாதிரி. கெர்பரோஸ் இரண்டு கட்டிகள் ஒட்டிக்கொண்ட உருவம்.

சுந்தரம்: ஏன், உருட்ட ஆளில்லையா?

விமலா: சொந்த ஈர்ப்பு விசைதான் உருட்ட வேண்டும். அந்தப் பொடி உடம்புக்கு அவ்வளவு பலம் ஏது? ஆதியில் நடந்த பெரிய மோதலில் சிதறியவை சேர்ந்து உண்டானவை என்கிறார்கள். மேலெல்லாம் பனிக்கட்டி.

சுந்தரம்: போகட்டும், நம் நிலா போல ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு அடக்கமாகவாவது சுற்றுகின்றனவா?

விமலா: அடக்கமா! ஹைட்ரா புளூட்டோவைச் சுற்றிவர 38 நாள் ஆகிறது. ஆனால் தன்னைத்தானே பத்து மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றிக்கொள்கிறது. நிக்ஸ் தலைகீழாகச் சாய்ந்து எதிர்த்திசையில் சுழல்கிறது. 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பக்கத்தில் போய்ப் படமே எடுத்தது.

சுந்தரம்: (விரல் மடக்கி) ஐந்தும் முறை வைத்து எட்டாம் வீட்டுக்கு வந்தால்... விமலா, ஏறக்குறைய மூன்று நாளில் ஒரு நாள் சந்திராஷ்டமம்! அங்கேயே குடிபோய்விடலாமா?

விமலா: மைனஸ் 230 டிகிரி குளிரும்.

சுந்தரம்: கம்பளி எடுத்துக்கொள்கிறேன்.

விமலா: இதையும் கேளுங்கள். சாரன் அங்கே வானத்தில் நகரவே நகராது. புளூட்டோவின் ஒரு பக்கத்தில் எப்போதும் தெரியும், மறுபக்கத்தில் கண்ணிலேயே படாது.

சுந்தரம்: தெரிகிற பக்கம்தான் எனக்கு! யாராவது வேலை சொன்னால் மேலே கையைக் காட்டினால் போதும்.

விமலா: அப்படியானால் எனக்கு மறுபக்கத்தில் வீடு பாருங்கள்.

சுந்தரம்: என் சாப்பாடு?

விமலா: சாரன் நகர்ந்ததும் கொடுத்தனுப்புகிறேன்.