இலையை எண்ணி வரைஞ்சவர்

ஆஸ்திரேலிய ஓவியத்தைப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் கடைசியில ஒரே கதையிலதான் வந்து நிக்குறாங்க. ஆரம்பத்துல ஐரோப்பாவுல இருந்து வந்த ஓவியர்களுக்கு இந்த நாடு கண்ணுலயே படல, யூகலிப்டஸ் மரத்தைப் பாத்துட்டு இங்கிலாந்து ஓக் மரத்தை வரைஞ்சு வச்சாங்க, அப்புறம் 1880கள்ல டாம் ராபர்ட்ஸ், ஆர்தர் ஸ்ட்ரீட்டன், ஃப்ரெடரிக் மக்கபின்னு ஒரு செட் மெல்பர்னுக்கு வெளிய ஹைடல்பெர்க் பக்கம் போய் தங்கி வரைஞ்சப்புறம்தான் இந்த நாட்டு வெயிலும் மண்ணும் முதல் தடவையா கான்வாஸுக்கு வந்துச்சுன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கதைக்கு அடியில நசுங்கிப்போன ஒரு மனுஷன் இருக்காரு, அவருக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

யூஜின் வான் கெரார்ட். 1811ல வியன்னாவுல பொறந்தவர். அப்பா பெர்ன்ஹார்டும் ஓவியர்தான், ஆஸ்திரிய அரசவைக்கு உள்ளங்கை அளவு உருவப்படங்கள் வரையுறவர். அந்த அளவுக்குள்ள கண் இமை, காலர் பூவேலை, மோதிரக் கல்லு எல்லாம் தெரியணும், அதுதான் அந்தத் தொழில். பையன் அதைப் பாத்துத்தான் வளர்ந்திருக்கான். 1826ல அப்பாவும் பையனும் இத்தாலிக்குக் கிளம்பிட்டாங்க, ஊர் ஊரா சுத்தி வரைஞ்சு ரோம்ல கொஞ்ச வருஷம், அப்புறம் நேப்பிள்ஸ். அங்கதான் 1836ல காலரா வந்து அப்பா போயிட்டாரு. அதுக்கப்புறம் ஜெர்மனியில டூசல்டார்ஃப் அகாடமிக்குப் போய் ஷிர்மர்னு ஒரு ஆசிரியர்கிட்ட நிலக்காட்சி ஓவியம் படிச்சாரு. ஸ்டுடியோவுக்குள்ள உக்காந்து கற்பனையா மலை வரையாதே, வெளிய போ, ஒரு பாறை முன்னாடி உக்காரு, ஒரு செடி முன்னாடி உக்காருங்குறது அங்க இருந்த பழக்கம். அதே காலத்துல அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்னு பெரிய இயற்கை விஞ்ஞானி, ஓவியர்கள் தூர தேசங்களுக்குப் போய் அந்தந்த ஊர்ச் செடிகொடியை அப்படியே நேர்ல பாத்து வரையணும்னு எழுதிக்கிட்டிருந்தாரு. இதெல்லாம் கெரார்ட் மனசுல ஆழமா இறங்கியிருக்கு, பின்னாடி அவர் செஞ்ச ஒவ்வொரு வேலையிலயும் அது தெரியும்.

இப்படிப்பட்டவர் ஆஸ்திரேலியாவுக்கு ஏன் வந்தார்னா, தங்கம் தோண்ட. ஆமா. 1848 புரட்சிக்கப்புறம் ஐரோப்பாவுல எல்லாம் ஆட்டம் கண்டுபோயிருந்த நேரம், மெல்பர்ன் இருக்குற விக்டோரியா மாநிலத்துல தங்கம் கிடைக்குதுன்னு உலகமே ஓடிவந்துச்சு, அந்தக் கூட்டத்தோட 1852 டிசம்பர்ல ஜீலாங்ல வந்து இறங்கினாரு. வயசு 41. பல்லராட்ல ஒரு வருஷத்துக்கு மேல குழி தோண்டினாரு, பெருசா ஒண்ணும் தேறல. ஆனா அந்த நாள்லயெல்லாம் டைரி எழுதிக்கிட்டும் படம் போட்டுக்கிட்டும் இருந்திருக்காரு. கூடாரம், சேறு, மண்ணை அலசுற தொட்டி, வெட்டிப்போட்ட மரம், எல்லாமே நோட்டுல இருக்கு. இதோட மதிப்பு எப்போ தெரியுதுன்னா 1884ல. அந்த வருஷம் பல்லராட்ல ஆர்ட் கேலரி தொடங்குறாங்க, ஜேம்ஸ் ஆடின்னு ஒரு ஊர்ப்பெரியவர், பழைய பல்லராட் எப்படி இருந்துச்சுன்னு வரைஞ்சு தரச் சொல்லி இவர்கிட்ட கேக்குறாரு. அப்போ இவர் திரும்ப டூசல்டார்ஃப்ல உக்காந்திருக்காரு, வயசு எழுபதைத் தாண்டியாச்சு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட பென்சில் ஸ்கெட்சை வச்சு 1853-54 கோடைகாலத்து பல்லராட்டை வரைஞ்சு அனுப்பிட்டாரு. அந்தப் படம் இப்பவும் அந்த கேலரியிலதான் இருக்கு. நோட்டுல இல்லாட்டி அது நடந்திருக்குமா?

சரி, தங்கம் கைவிட்டுச்சு. 1854ல மெல்பர்ன் வந்து லூயிஸ் ஆர்ன்ஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு பழையபடி தூரிகையைக் கையில எடுத்தாரு. அடுத்த இருபத்தஞ்சு வருஷத்துக்கு மனுஷன் கால் நின்ன இடம் கம்மி. குதிரையிலயும் நடந்தும் விக்டோரியா பூரா, டாஸ்மேனியா, தெற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ், கடைசியா 1876ல நியூசிலாந்து வரைக்கும் போயிருக்காரு. கையில எப்பவும் சின்ன ஸ்கெட்ச் புக், பக்கத்துல தேதி, இடம், எந்தப் பக்கம் பாத்து வரைஞ்சதுங்குற குறிப்பு.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். 1855ல விக்டோரியாவோட மேற்குப் பகுதியில ஜேம்ஸ் டாசன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், கங்கடாங்னு ஆட்டுப்பண்ணை வச்சிருந்தவர், இவரைக் கூப்பிட்டு டவர் ஹில்லை வரைஞ்சு குடுங்கன்னாரு. டவர் ஹில்ங்குறது வார்னம்பூல் பக்கத்துல இருக்குற பழைய எரிமலை. முப்பதாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு அது வெடிச்சு, பெரிய கிண்ணம் மாதிரி பள்ளம், உள்ள ஏரி, ஏரி நடுவுல சின்னச் சின்ன குன்றுகள், தூரத்துல கடல். அந்த எரிமலைச் சாம்பலுக்கு அடியில ஒரு கல்கோடாரி கிடைச்சிருக்கு, அப்படின்னா அது வெடிக்கிறதுக்கு முன்னாடியே அந்த மண்ணுல ஆளுங்க வாழ்ந்திருக்காங்க. அந்த இடத்தைத்தான் கெரார்ட் வரைஞ்சாரு. முன்னாடி இருக்குற புல்லு புதர்ல ஆரம்பிச்சு உள்ள தீவு மேல நிக்கிற மரம் வரைக்கும் ஒண்ணொண்ணும் தனித்தனியா. பச்சைக் கலரைக் குழைச்சு ஒரே இழுப்புல காடுன்னு காமிச்சிட்டுப் போகல. இந்த மரத்தோட கிளை இப்படி வளையும், அந்தப் புதர் இந்த உயரம்தான் வரும், தண்ணி ஓரத்துல வளர்றது வேற, சரிவுல வளர்றது வேறன்னு பாத்துப் பாத்து போட்டிருக்காரு. கிட்டப்போய் பாத்தா படம் இன்னும் தெளிவாகும், அதுதான் இவரோட விசேஷம். பெரும்பாலான ஓவியத்துல கிட்டப்போனா வெறும் பெயின்ட்தான் தெரியும்.

அதுக்கப்புறம் அந்த மலைக்கு நடந்தது கொடுமை. மரத்தை வெட்டினாங்க, ஆடு மாடு மேய விட்டாங்க, விவசாயம் பண்ணாங்க, எரிமலைக் கல்லைத் தோண்டி எடுத்துட்டுப் போனாங்க. டாசன் வயசான காலத்துல அதைப் பாத்துக் கொதிச்சுப்போயிருக்காரு. 1892ல அதை நேஷனல் பார்க்குன்னு அறிவிச்சாங்க, விக்டோரியாவுக்கே அதுதான் முதல் நேஷனல் பார்க், ஆனா அறிவிப்பு பேப்பர்லதான், மேய்ச்சலும் தோண்டுறதும் நிக்கல. இருபதாம் நூற்றாண்டு நடுவுல பாத்தா மொட்டை மலை.

1961ல அரசாங்கம் அதை வனவிலங்கு காப்பிடமா எடுத்துக்கிட்டு பழையபடி மரம் நடணும்னு முடிவு பண்ணுச்சு. என்ன மரம் நடுறது, எங்க நடுறது? நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க யார் இருக்கா? அப்போ எடுத்தாங்க கெரார்ட் ஓவியத்தை. தாவரவியல் தெரிஞ்சவங்க அந்தப் படத்தை உத்துப் பாத்து, இது இந்த இனம், இந்தச் சரிவுல இது இருந்திருக்கு, ஏரி ஓரத்துல இது இருந்திருக்குன்னு அடையாளம் கண்டுபிடிச்சாங்க. அதை வழிகாட்டியா வச்சு நட ஆரம்பிச்சாங்க, பள்ளிக்கூடப் பசங்க, இயற்கை ஆர்வலர்கள்னு வருஷக்கணக்கா ஆளுங்க வந்து நட்டிருக்காங்க. இன்னிக்கு அங்க போனா ஈமு திரியுது, கோவாலா மரத்துல தூங்குது, கங்காரு மேயுது. பழங்குடி மக்களோட அமைப்பு ஒண்ணு அங்க பார்வையாளர் மையத்தை நடத்தி வந்திருக்கு.

ஒரு வெளிநாட்டு ஆள், இங்க வந்து இறங்கி ரெண்டரை வருஷம்தான் ஆகியிருக்கு, அவர் வரைஞ்ச ஒரு படத்தை நம்பி ஒரு மலையையே திருப்பிக் கொண்டுவந்திருக்காங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டப்புறம், "வந்தேறி ஓவியர்களுக்கு இந்த நாடு கண்ணுல தெரியல"ன்னு யாராவது சொன்னா எனக்கு உண்மையிலேயே கோவம் வருது. என்னைக் கேட்டா அவர் அவ்வளவு நுணுக்கமா பாத்ததுக்குக் காரணமே அவர் வெளியூர்க்காரர்ங்குறதுதான். பொறந்து வளர்ந்த ஊர்ல இருக்குற மரத்தை நாம யாரும் பாக்குறதில்ல, அது அங்க இருக்கும்னு தெரியும், அவ்வளவுதான். பேர் தெரியாத ஊருக்கு வந்தவன்தான் ஒவ்வொரு இலையையும் நின்னு பாப்பான். நானும் பொழைக்க வந்து மெல்பர்ன்ல குடியிருக்குறவன்தான், வந்த புதுசுல ரோட்டோர மரம்கூட விடாம பாத்துக்கிட்டு நடந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

இன்னொரு விஷயமும் சொல்லணும், அதை மறைச்சுட்டு இவரைப் புகழ எனக்கு மனசு வராது. இவருக்கு சோறு போட்டது பெரும்பாலும் பண்ணை முதலாளிங்க. என் வீடு, என் நிலம், என் ஏரி, வரைஞ்சு குடுன்னு கேப்பாங்க, இவரும் வரைஞ்சு குடுத்தாரு. அந்த நிலமெல்லாம் சில வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் யார் கையில இருந்துச்சு, அவங்க எப்படித் துரத்தப்பட்டாங்க, எத்தனை பேரைக் கொன்னாங்கங்குறது அந்த அழகான படங்கள்ல வராது. மேற்கு விக்டோரியாவுல ஸ்டோனி ரைசஸ்ங்குற பாறைப் பகுதியை 1857ல வரைஞ்ச படத்துல சாயங்கால வெளிச்சத்துல ஒரு பழங்குடிக் குடும்பம் தங்குற இடத்தைக் காட்டியிருக்காரு, சிலர் அதை மரியாதைங்குறாங்க, சிலர் அழிஞ்சுபோற இனம்னு முன்கூட்டியே ஒப்பாரி வச்ச மாதிரி இருக்குங்குறாங்க. ரெண்டுமே அதுல இருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

ஆனா கங்கடாங் பண்ணையில நடந்த ஒரு சின்ன விஷயம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அங்க ஜானின்னு ஒரு பழங்குடி இளைஞர் இருந்தாரு, நல்லா வரைவாரு. கெரார்ட் ஜானியை வரைஞ்சாரு, ஜானி கெரார்டை வரைஞ்சாரு. ஜானி வரைஞ்சது இன்னிக்கும் சிட்னியில ஸ்டேட் லைப்ரரியில பத்திரமா இருக்கு. அந்தக் காலத்துல வெள்ளைக்கார ஓவியர்கள் பழங்குடி மக்களை வரைஞ்சது ஏராளம், ஆனா திருப்பி அவங்க கையால தன்னை வரைய வச்சு, அதைத் தன்னோட காகிதங்களோட சேத்துப் பாதுகாத்தவங்க எத்தனை பேர்? அந்த டாசனும் சாதாரண பண்ணைக்காரர் இல்ல, மக இசபெல்லாவோட சேந்து அந்தப் பகுதி மக்களோட மொழியையும் பழக்கவழக்கத்தையும் கேட்டுக் கேட்டு எழுதி 1881ல புத்தகமா போட்டவர்.

மத்த படங்களைப் பத்தியும் எழுதணும்னா இந்தப் பதிவு முடியாது. டாண்டெனாங் மலையில மரம் மாதிரி உயர்ந்து நிக்கிற பெரணிச் செடிகளுக்கு நடுவுல ரெண்டு லயர் பறவை நிக்கிற 1857 படத்தை மட்டுமாவது தேடிப் பாருங்க. 1862ல ஜார்ஜ் நியூமேயர்ங்குற விஞ்ஞானியோட கோசியஸ்கோ மலைப்பக்கம் ஏறினாரு, நியூமேயர் பூமியோட காந்தப்புலத்தை அளக்கப் போனாரு, இவர் பாறையை அளக்குற மாதிரியே வரைஞ்சாரு.

இவ்வளவுக்கும் கிடைச்சது என்ன? 1870ல மெல்பர்ன் நேஷனல் கேலரிக்குப் பொறுப்பாளராவும் அங்க ஓவியப் பள்ளிக்கு முதல் ஆசிரியராவும் போட்டாங்க. கௌரவமான வேலைதான், ஆனா அதே நேரத்துல ரசனை மாற ஆரம்பிச்சிருச்சு. இலை இலையா எண்ணி வரையுறாரு, கவித்துவம் இல்லன்னு பத்திரிகையில விமர்சனம். ஆசிரியரா அவர் சுமார்தான்னு நானும் ஒத்துக்குவேன், பெரும்பாலும் கேலரியில இருக்குற படத்தைப் பாத்து காப்பி பண்ற பாடம், வெளிய போய்ப் பாத்துக் கத்துக்கிட்ட மனுஷன் பசங்களை உள்ளயே உக்கார வச்சது எனக்கு வருத்தம்தான். அந்த வகுப்புல உக்காந்திருந்தவங்கதான் மக்கபினும் டாம் ராபர்ட்ஸும். 1881ல வேலையை விட்டாரு, அடுத்த வருஷம் குடும்பத்தோட ஐரோப்பா திரும்பிட்டாரு. கொஞ்சம் கொஞ்சமா சேத்த காசை ஆஸ்திரேலியாவுல முதலீடு பண்ணி வச்சிருந்தாரு, 1893ல இங்க பாங்குகள் வரிசையா கவுந்தப்போ அதுவும் போச்சு. 1901 ஏப்ரல்ல லண்டன் செல்சீயில, 89 வயசுல, வறுமையில செத்துப்போனாரு. அடுத்த பல பத்து வருஷம் அவர் பேரைச் சொல்ல ஆளில்ல. திரும்ப அவரை ஒழுங்கா பாக்க ஆரம்பிச்சது ரொம்பப் பின்னாடிதான், 2011ல நேஷனல் கேலரி ஆஃப் விக்டோரியா பெரிய கண்காட்சி வச்சப்போ ரூத் புல்லின் மாதிரி ஆராய்ச்சியாளர்கள் அவரோட படங்களுக்குப் பின்னாடி இருந்த ஹம்போல்ட் விஞ்ஞானத்தை எடுத்துக் காட்டினாங்க.

ஹைடல்பெர்க்காரங்களைக் குறைச்சு சொல்றது என் நோக்கம் இல்ல, ஸ்ட்ரீட்டனோட வெயில் எனக்கும் பிடிக்கும். ஆனா டாம் ராபர்ட்ஸும் இங்கிலாந்துல டார்செஸ்டர்ல பொறந்து சின்ன வயசுல கப்பல் ஏறி வந்தவர்தான், அவரை மட்டும் மண்ணின் மைந்தன்னு சொல்லிட்டு அவரோட வாத்தியாரை அந்நியன்னு தள்ளி வைக்கிறது என்ன நியாயம்? வெளிச்சத்தைப் புடிச்சது ஒரு சாதனைன்னா, எந்தச் செடி எந்தச் சரிவுல நின்னுச்சுன்னு தப்பில்லாம எழுதி வச்சதும் சாதனைதான். ஸ்கூல்ல பசங்களுக்கு சொல்லித்தரும்போது ரெண்டையும் சேத்து சொல்லித்தாங்க.

மெல்பர்ன்ல இருக்குற நம்ம ஆளுங்க கிரேட் ஓஷன் ரோடு போனா கடல்ல நிக்குற ட்வெல்வ் அப்போசல்ஸ் பாறைத் தூண்கள்கிட்ட போட்டோ எடுத்துட்டு அப்படியே திரும்பிடுறாங்க. இன்னும் ஒரு மணி நேரம் மேற்க ஓட்டுங்க, வார்னம்பூல் வரும். அங்க இருக்குற ஆர்ட் கேலரியிலதான் அந்த டவர் ஹில் படம் இருக்கு, இப்போ மாட்டி வச்சிருக்காங்களான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. முதல்ல படத்தை நிதானமா பாருங்க, அப்புறம் கார் எடுத்தா கால் மணி நேரத்துல மலை. அந்த வரிசையிலதான் போகணும். பசங்களைக் கூட்டிட்டுப் போறவங்க படத்தைப் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, படத்துல இருக்குற மரம் எது எதுன்னு அங்க தேடச் சொல்லுங்க. யாராவது போயிட்டு வந்தா கமெண்ட்ல எழுதுங்க.